நாலு சென்டிமீட்டர் மிச்சம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றோடு தண்டனை முடிந்தது. ஒரு மாதம் வெட்டும் அறையில் நூல் பொறுக்கினேன். குற்றம்: கடை டேப்பின் நுனியில் இரண்டு சென்டிமீட்டரைக் கத்தரித்துவிட்டு, முனைத் தகட்டை ஒன்றும் தெரியாததுபோல் திரும்ப ஒட்டிவைத்தது. ஜன்னல்களை நல்ல டேப்பால் அளந்தார்கள், துணியை என் டேப்பால் வெட்டினார்கள். ஒரு பல் டாக்டர் வீட்டின் பதினாலு திரைச்சீலைகளும் தரையைத் தொடாமல் கணுக்காலைக் காட்டிக்கொண்டு நின்றன. பல் டாக்டர் பல்லைக் கடித்தாராம். சொன்னது பெரியப்பா. சொல்லிவிட்டுத் திரும்பி நின்று சிரித்தார். முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

கீழே கடை, மேலே வீடு. அப்பாவும் பெரியப்பாவும் முதலாளிகள். பெரியம்மா தையல். அம்மா கல்லா. நான் தலைவலி.

பிப்ரவரி 10, செவ்வாய்

திருந்திவிடலாம் என்று ஒரு வாரம் முயன்று பார்த்தேன். போர்.

புதுத் திட்டம். சரக்கு அறைக் கதவு நிலையில் எங்கள் எல்லோருடைய உயரமும் பென்சில் கோடுகளாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கடை திறந்த நாளான பிப்ரவரி 16ஆம் தேதி, பிள்ளைகளை நிறுத்தி அளப்பார்கள். பிள்ளைகள் என்றால் இப்போது நான் மட்டும்தான். எல்லாக் கோட்டுக்கும் மேலே, யாரும் தொட முடியாத இடத்தில் பெரியப்பாவின் கோடு: 176. பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'நான்'. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், கடை திறந்த அன்று போட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் அளக்கவில்லை. வளர்ந்து முடித்தவரை எதற்கு அளப்பது?

அந்தக் கோட்டை இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏற்றிவிட்டால்? "ஐயோ, குட்டையாயிட்டேனே" என்று அவர் முகம் போகும் போக்கு! ஊரெல்லாம் அளக்கிற மனிதர். "டேப்பு பொய் சொல்லாது" என்று நாளுக்கு நாலு தடவை சொல்கிறவர். அவரிடமே அளவில் விளையாடுவதில் ஒரு தனி ருசி.

பிப்ரவரி 15, ஞாயிறு

வேலை முடிந்தது. பழைய கோட்டை ரப்பரால் அழித்தேன். டேப் வைத்து அளந்து சரியாக 178இல் புதுக் கோடு. பழசாகத் தெரிய டீயை விரலில் தொட்டுத் தேய்த்தேன். 'நான்' என்று அவரைப்போலவே எழுத ஆறு தாளில் பழகினேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு சிரத்தையாக எதையும் எழுதியதில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

முதலில் நான் நின்றேன். 160. போன வருடத்தைவிட இரண்டு கூட.

"பெரிப்பா, நீங்களும் ஒரு தடவை நில்லுங்களேன். முப்பது வருஷத்துல வளர்ந்திருந்தா?" என்றேன்.

"வளர்ந்தது வயிறுதான். சரி, அளந்து தொலை" என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அப்பா அவர் தலையில் மர ஸ்கேலை வைத்து, கதவு நிலையில் அடையாளம் போட்டார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

அவர் முகம் நான் நினைத்தபடியே போனது. ஆனால் இடைவெளி நான் நினைத்தபடி இல்லை. அப்பா டேப் வைத்தார். ஆறு சென்டிமீட்டர்.

அடுத்த நொடி நாலு தலையும் என் பக்கம் திரும்பின. என்ன ஒற்றுமை!

"சுண்டெலி," என்றார் பெரியப்பா. "என்னடி பண்ணின?"

ஒப்புக்கொண்டேன். காதைத் திருகினார். வலிக்காத திருகல். "ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. காத்து இறங்கின பலூன் மாதிரி ஆயிட்டேனோன்னு!" என்று சிரித்தார். பெரியம்மா சிரித்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகத்தான வெற்றி.

அப்பா மட்டும் சிரிக்காமல் நான் போட்ட பொய்க் கோட்டை அழித்தார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இரண்டுதானே ஏற்றினேன்? ஆறு எப்படி வந்தது?

கணக்கு வகுப்பு முழுக்க இதே யோசனை. கணக்கு வகுப்பில் நான் கணக்கு யோசித்தது இதுதான் முதல் தடவை.

சாயந்திரம் வந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கதவு நிலையைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் பெரியப்பா பென்சிலை அழுத்திப் போட்டிருக்கிறார். ரப்பர் கரியைத்தான் அழித்தது, மரத்தில் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அளந்தேன். 176. நேற்று அப்பா போட்ட அடையாளத்தை அளந்தேன். 172.

மறுபடி அளந்தேன். பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தேன். 172.

என் இரண்டைக் கழித்த பிறகும் நாலு சென்டிமீட்டர் மிச்சம். அது நான் செய்தது இல்லை.

பிப்ரவரி 18, புதன்

சொன்னேன். "பெரிப்பா, நிஜமாவே நாலு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கீங்க."

"டேப்பை எடுத்துட்டு வா" என்றார். நுனியைப் புரட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். "இந்தத் தடவை எங்க வெட்டின? நடுவுலயா?"

"சத்தியமா வெட்டல."

"போன தடவையும் சத்தியமாதான் வெட்டல."

அப்பாவிடம் போனேன். "ஒரே ஜோக்கை ரெண்டு தடவை சொன்னா அது ஜோக் இல்ல, தொல்லை" என்றார்.

பள்ளி நூலகத்தில் தேடினேன். வயதானவர்கள் உயரத்தில் நாலு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. எலும்பு உள்ளே சல்லடையாகிவிடுமாம். வலிக்காதாம். உடையும்வரை தெரியாதாம். எலும்புப்புரை என்று பெயர். கரையான் அரித்த கதவுபோல, தட்டும்வரை கதவுதான்.

பெரியப்பாவுக்குத்தான் டிசம்பரிலிருந்து முதுகில் "பிடிப்பு" இருக்கிறதே? வெல்வெட் உருளையைத் தூக்கிய அன்றிலிருந்து தைலம் தேய்த்துக்கொண்டே இருக்கிறாரே?

மார்ச் 7ஆம் தேதி நாடக அரங்கத்தின் மேடைத் திரையை மாட்ட வேண்டும். இருபத்திரண்டு அடி ஏணி. அப்பாவுக்கு நாற்காலி மேல் நின்றாலே தலை சுற்றும். எப்போதும்போல் ஏறப்போவது பெரியப்பா.

விழுந்தா? விழுந்தா என்ன ஆகும்? யார்கிட்ட சொல்றது? யாரும் நம்ப மாட்டேங்கறாங்களே. நானா இருந்தாலும் என்னை நம்ப மாட்டேன்.

பிப்ரவரி 21, சனி

ஏணியை ஒளிக்க முடியாது. இருபத்திரண்டு அடியை எந்தக் கட்டிலுக்கு அடியில் தள்ள? அதனால் தூணோடு சேர்த்துச் சைக்கிள் சங்கிலியால் பூட்டினேன். மேலே ஓர் அட்டை:

ஏணியில் ஏன் நீ?

மரியாதைக் குறைவுதான். 'ஏன் நீங்கள்' என்றால் சிலேடை போய்விடும்.

அப்பா சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை. "பதினஞ்சு வயசாச்சு, இன்னும் எதுல விளையாடுறதுன்னு தெரியல!" என்று கத்தினார். முதல் தடவையாக விளையாடாமல் ஒரு காரியம் செய்தேன், அதற்கு முதல் தடவையாக அடி விழுந்திருக்கும். பெரியப்பா குறுக்கே வந்தார். "விடுடா. சிலேடை நல்லா இருக்கு."

சாவியைக் கொடுத்துவிட்டேன். நூல் பொறுக்கும் வேலை, இரண்டாம் பாகம், ஆரம்பம்.

பிப்ரவரி 23, திங்கள்

நூல் பொறுக்கியதில்தான் கிடைத்தது.

மேசைக்கு அடியில் குனிந்திருந்தேன். கறுப்பு நூலுக்கு நடுவே வெள்ளை நூல். பெரியம்மா பெரியப்பாவின் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைகளை அவள்தான் தைப்பாள், வெளியே விட மாட்டாள்.

"என்ன பெரிம்மா, புதுச் சட்டையைப் பிரிக்கிறீங்க?"

"உன் பெரியப்பாவுக்கு எதைப் போட்டாலும் முன்னாடி தொங்குது, பின்னாடி தூக்குது. ரெண்டு வருஷமா இதே ரோதனை. முன்பக்கத்தை மடிச்சு மடிச்சு அடிக்கிறேன். கண்ணு போயிடுச்சுபோல, வெட்டு கோணலா விழுது."

"அளவுக் காகிதம் மாத்தினீங்களா?"

"எதுக்கு மாத்தணும்? இருபது வருஷமா அதே காகிதம்தான்" என்று ஆணியில் தொங்கிய, பெரியப்பாவின் உடல் அளவுக்கு வெட்டிய பழுப்புக் காகிதத்தைக் காட்டினாள்.

"மத்தவங்க சட்டையும் கோணலா வருதா?"

ஊசி நின்றது.

"இல்ல" என்றாள். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக, தனக்கே: "இல்லையே."

வெட்டு கோணலில்லை என்றால், முன்னால் வளைந்திருப்பது அவர் முதுகுதான். பெரியம்மா அவருடைய நாலு சட்டைகளை எடுத்து மடிப்புகளையெல்லாம் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் பழைய மடிப்பின் தடம், அதற்குக் கீழே அதைவிடப் பழைய மடிப்பின் தடம். மரத்தில் விழுந்த பள்ளம்போல. வெட்டும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். பெரியப்பா டீயோடு வந்தார்.

"என்ன கடை விரிச்சிருக்க?"

"துணி நீளுமா?" என்றாள்.

"சுருங்கும். நீளாது. யாரைப் பாத்து என்ன கேக்கற?"

"அப்போ இது எப்படி முன்னாடி நீளமாச்சு?"

அவர் குனிந்து தடங்களைப் பார்த்தார். விரலால் தொட்டார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார், அளந்தார், மறுபடி அளந்தார். டீயில் ஆடை படிந்தது.

"சுண்டெலி," என்றார், திரும்பிப் பார்க்காமலே. "நீ அன்னிக்கு எத்தனைன்னு சொன்ன?"

"நாலு."

பிப்ரவரி 25, புதன்

டாக்டர். அப்பாவோடு நானும் போனேன். சாட்சி இல்லாமல் வழக்கு நடக்குமா?

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். முதுகெலும்புகள் அடுக்கிவைத்த டப்பாக்கள்போல் இருந்தன. நடுவில் ஒன்று, யாரோ உட்கார்ந்துவிட்ட டப்பா.

"எப்ப விழுந்தீங்க?"

"நான் விழவே இல்லீங்க."

"எதையாவது தூக்கினீங்களா?"

பெரியப்பா எங்கேயோ பார்த்தார். அப்பாதான் சொன்னார்: "டிசம்பர்ல ஒரு வெல்வெட் உருளை. பிடிப்புன்னு சொன்னார்."

"பலமான எலும்புக்குத்தான் அது பிடிப்பு. இவருக்கு அது முறிவு. எலும்புப்புரை."

"இது பொம்பளைங்களுக்கு வர்றதுன்னு இல்ல நினைச்சேன்?" என்றார் பெரியப்பா.

"எலும்பு யாரு எவருன்னு விசாரிச்சுட்டு உடையறதில்லைங்க. மூச்சிரைப்புக்கு எத்தனை வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீங்க?"

"பத்துப் பன்னெண்டு."

"சிகரெட்?"

"விட்டுட்டேனே!"

"எலும்பு பழசையெல்லாம் மறக்காது" என்றார் டாக்டர். ஏணி விஷயத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். "ஏணியா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "மூணாம் படியிலேர்ந்து விழுந்தாலும் இடுப்பு போயிடும். இந்த வயசுல இடுப்பு உடைஞ்சா, பழையபடி நடப்பீங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். நானும் ஒவ்வொரு படியாக ஏறினேன். அதிலிருந்தே நிலைமை புரிந்துகொள்ளலாம்.

பிப்ரவரி 27, வெள்ளி

எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். டி-ஸ்கோர் என்று ஒன்று. மைனஸ் இரண்டு புள்ளி ஐந்துக்குக் கீழே போனால் எலும்புப்புரை. பெரியப்பாவுக்கு மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது. என் கணக்கு மார்க்கே இதுவரை மைனஸுக்குப் போனதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கடையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். யாரோ திரைக்கம்பி கேட்டு வந்தார்கள். எழுந்து மேல் தட்டுக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை. எப்போதிலிருந்து எட்டவில்லை? இத்தனை நாள் கோலால் தள்ளி எடுத்திருக்கிறார். நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உருளைக்குப் பின்னால ஒளிஞ்சிருந்து எத்தனை தடவை 'பே'ன்னு கத்தி இவரைத் துள்ள வெச்சிருக்கேன். ஒரு தடவை தடுமாறி மேசையைப் பிடிச்சார். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவர் விழுந்திருந்தா?

"இனிமே பின்னாடியிலேர்ந்து பயமுறுத்த மாட்டேன் பெரிப்பா."

"முன்னாடியிலேர்ந்து?"

"யோசிக்கலாம்."

"அது போதும்" என்றார். மேல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எட்டாத கடைக்காரன்கிட்ட யாருடி திரை வாங்குவா?" என்றார்.

மார்ச் 1, ஞாயிறு

முதல் மாத்திரை. வாரத்துக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, டீ கூடாது, எதுவும் கூடாது. நிமிர்ந்தே இருக்க வேண்டும். காவலுக்கு விசிலோடு நான். அவர் சாய்ந்தால் விசில். டீப் பாத்திரத்தைப் பார்த்தால் இரண்டு விசில்.

"இந்த வீட்டுல தண்டனை யாருக்கு?" என்றார்.

"முறை மாறிடுச்சு பெரிப்பா."

பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து பயிற்சி தரும் அக்கா வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, இடறி விழ வாய்ப்புள்ள இடங்களை எழுதிக்கொண்டாள். அவள் பட்டியலில் பாதி என் கைவண்ணம். நடைவழியில் கணுக்கால் உயரத்தில் கட்டிய நூல் (மறுமுனையில் மணி). மிதியடிக்கு அடியில் கோலிக்குண்டு. குளியலறை பல்பைத் தளர்த்தி மினுக்க வைத்திருந்தது (பேய்). தானாக நகரும் மிதியடி (மீன் தூண்டில் நரம்பு).

"இதெல்லாம் யாரு?" என்றாள்.

பெரியப்பா முந்திக்கொண்டார். "பழைய வீடும்மா. அப்படித்தான் இருக்கும்."

மத்தியானம் முழுக்க என் கண்ணிவெடிகளை நானே தோண்டி எடுத்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினோம். திரைக்கம்பி மாட்டுகிற அதே துளைக்கருவி, அதே அப்பா. சுவரில் அவர் அளவு குறிக்கும்போது பெரியப்பா, "ரெண்டு சென்டிமீட்டர் இறக்கு. நான் இப்ப குட்டை" என்றார்.

சொல்லிவிட்டாரே! தன் வாயால்!

மார்ச் 3, செவ்வாய்

மேல் தட்டிலிருந்த திரைக்கம்பிகளையெல்லாம் கீழ்த் தட்டுக்கு மாற்றினேன். யாரும் கேட்கவில்லை. சாயந்திரம் ஒருவர் கம்பி கேட்டார். பெரியப்பா கையை நீட்டினார், எடுத்தார், கொடுத்தார்.

மார்ச் 7, சனி

அரங்கம்!

ஏணி கிடையாது. அப்பா இரும்புச் சாரம் வாடகைக்கு எடுத்தார், இரண்டு பேரைக் கூலிக்கு வைத்தார். ஆனால் கொக்கிகளின் இடைவெளி தெரிந்த ஆள் ஒருவர் மேலே இருக்க வேண்டும். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூன்றாம் தட்டில் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு திரை மாட்டிய முதல் ஆள் என் அப்பாவாகத்தான் இருக்கும்.

கீழே மேடை நடுவில் நாற்காலி போட்டு, பெரியப்பா. கையில் என் விசில்.

"இடது பக்கம் ஒரு கொக்கி தவறிடுச்சு!"

"இல்லண்ணே!"

"நான் இங்கேருந்து பாக்கறேன்டா, நீ கண்ணை மூடிட்டு இருக்க! எண்ணு!"

அப்பா ஒரு கண்ணைத் திறந்து எண்ணினார். ஒன்று தவறித்தான் இருந்தது. மேலே இருந்தால் தெரிந்திருக்காதாம். அரங்க மேலாளர் வந்து, "இந்தத் தடவைதான் திரை ஒரு சுருக்கம்கூட இல்லாம விழுது" என்றார். பெரியப்பா விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பத் தரவே இல்லை. திருடர்.

மார்ச் 8, ஞாயிறு

பெரியம்மா ஆணியிலிருந்த பழைய அளவுக் காகிதத்தைக் கழற்றினாள். பெரியப்பாவை நிறுத்திப் புதிதாக அளந்தாள். பின்பக்கம் நீளம் கூட்டி, முன்பக்கம் குறைத்துப் புதுக் காகிதம் வெட்டினாள். தேதி எழுதி மாட்டினாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மே 19, செவ்வாய்

பெரியப்பாவின் உடற்பயிற்சி: வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. பல் துலக்கும்போது தொட்டி விளிம்பைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது. தினமும் முக்கால் மணி நடை. பால், முட்டை, கீரை, மீன். கீழே விழுந்ததை எடுக்க முதுகை வளைக்காமல் இடுப்பையும் முட்டியையும் மடக்க வேண்டும். உருளை தூக்கக் கூடாது. கடையில் தள்ளுவண்டி வாங்கியாயிற்று. அதில் உருளைகளை நான் தள்ளுகிறேன். யாரும் பார்க்காதபோது என்னை நானே தள்ளிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

மாத்திரை அன்று அரை மணி முடிந்துவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டினார், டீ குடித்தார். பிறகுதான் பார்த்தேன். முள்ளைத் தள்ளி வைத்திருக்கிறார்! எங்கிருந்து கற்றார் இதையெல்லாம்? கண்டித்தேன். எனக்கே என் குரல் அம்மாபோல் கேட்டது. பயந்துபோய் நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 11, வெள்ளி

மழை. கடை வாசல் ஈரத்தில் பெரியப்பாவின் கால் வழுக்கியது. நான் கல்லாவிலிருந்து பார்த்தேன், வாயைத் திறக்கக்கூட நேரமில்லை. ஒற்றைக் காலில் ஒரு விநாடி ஆடினார். பிறகு நின்றார். நின்றேவிட்டார்.

"பாத்தியா?" என்றார். "பல் விளக்கினதோட பலன்."

நான் துணியை எடுத்து வாசல் ஈரத்தை மூன்று தடவை துடைத்தேன்.

பிப்ரவரி 16, செவ்வாய்

கடை திறந்த நாள்.

அளப்பதற்கு முன் பெரியப்பா டேப்பின் நுனியைப் பார்த்தார். ரப்பரைப் பறிமுதல் செய்தார். என் விரலில் டீ வாசம் இருக்கிறதா என்று முகர்ந்தார். நான் புறாபோல் நின்றேன். உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

எனக்கு 161.

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நின்றார். குதிகால், முதுகு, தலை. அப்பா ஸ்கேலை வைத்தார். பெரியம்மா தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

"நூத்தி எழுபத்தி ரெண்டு" என்றார் அப்பா.

"சரியா சொல்லு."

"சரியா. போன வருஷக் கோடு மேலயே நிக்குது ஸ்கேல்."

போன வாரம் ஸ்கேனும் எடுத்தார்கள். மைனஸ் இரண்டு புள்ளி ஏழு. இன்னும் மைனஸ்தான். ஆனால் ஏறுகிறது.

பெரியப்பா திரும்பி, 172இல் அழுத்தி ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 'நான்' என்று எழுதினார். என் 'நான்' இன்னும் நன்றாக இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

"இன்னும் பதினோரு சென்டிமீட்டர்தான் பெரிப்பா. உங்க கோட்டைத் தாண்டிடுவேன்."

"ஏறி வா. நான் இங்கயேதான் நிக்கிறேன்."

மத்தியானம் பெரியம்மா அவருக்குப் புதுச் சட்டை வெட்டினாள். போன மார்ச்சில் ஆணியில் மாட்டிய காகிதத்தை எடுத்துத் துணிமேல் வைத்தாள். அவரைக் கூப்பிட்டு முதுகோடு வைத்துப் பார்த்தாள். எதையும் மாற்றவில்லை. கத்தரியை எடுத்து ஒரே ஓட்டமாக வெட்டினாள்.